சாம்பாரின் அடியில் தங்கும் பருப்பு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் புரதச்சத்து பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. நடுவில் தசையை முறுக்கிக் காட்டும் ஒரு பையனின் படம், கையில் பெரிய புரதப் பவுடர் டப்பா, கீழே கட்டம் கட்டி எதில் எவ்வளவு புரதம் என்று ஒரு பட்டியல். எழுதியது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ‘துவரம்பருப்பு 100 கிராம் – புரதம் 22 கிராம்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு என் அக்கா, “நான்தான் தினம் சாம்பார் சாப்பிடுறேனே, எனக்கென்ன குறைச்சல்” என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் என் பேச்சை வெட்டுங்கள், கணக்கை வெட்டாதீர்கள்.

அக்காவுக்கு 71 வயது. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், அவள் என்று ஐந்து பேர் இருக்கும் வீடு. அன்றைக்கே நான் அடுப்படியில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரிய பேரன் ஜிம்முக்குப் போகிறேன் என்று வாங்கி வைத்த தராசு அது, அவன் ஜிம்முக்குப் போனதால் வீட்டுக்கு வந்த ஒரே லாபம். மருமகள் வழக்கமாகப் போடும் டம்ளரில் பருப்பை அளந்து கொட்டினாள். சரியாக 100 கிராம். அதாவது அந்தக் குக்கர் முழுவதற்கும் 22 கிராம் புரதம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலரை கிராம்கூட வராது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாள் முழுக்கச் சாப்பிடும் சாம்பார் ஒரு முட்டைக்குக்கூட ஈடாகவில்லை என்றதும் மருமகளுக்கே ஆச்சரியம். வேடிக்கை என்னவென்றால், மத்தியானம் சாப்பிடும் சோற்றில் அதைவிடக் கூடுதலாகப் புரதம் இருக்கிறது. பச்சரிசியோ புழுங்கலோ 100 கிராமுக்கு 7, 8 கிராம்.

அதுவும் சமமாகப் பிரித்தால்தான். சாம்பார் என்ன சொசைட்டி டிவிடெண்டா, ஆளுக்கு இவ்வளவு என்று வர? வேலைக்குப் போகிற மகனுக்கும் காலேஜ் போகிற பையனுக்கும் ஊற்றும்போது கரண்டி அடிவரைக்கும் போய்க் கிண்டி எடுக்கும். வீட்டில் இருக்கிற பொம்பளைகள் சாப்பிட உட்காரும்போது, மிச்சம் இருப்பதில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்க வைத்தால் ராத்திரி இட்லிக்கும் ஆயிற்று. யாரும் யாரையும் வஞ்சிக்க வேண்டும் என்று செய்வதில்லை, கை பழகிவிட்டது, அவ்வளவுதான். என் அக்காவோ இட்லிக்குக் கொஞ்சம் தொட்டுக்கொள்வதோடு சரி, சோற்றுக்கு அதையும் ஊற்றிக்கொள்வதில்லை. பருப்பு வாயு, முட்டை சூடு, கறி ஜீரணம் ஆகாது, சுண்டல் கடிக்கப் பல் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, ரசஞ்சோறும் மோர்ச்சோறுமாக நிற்கிறாள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எல்லாம் இதுதான் நடக்கிறது, எட்டிப் பாருங்கள்.

சரி, அவள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவதையும் எழுதிப் பார்த்தேன். காலையும் சாயங்காலமும் காபி, அதில் பால் அரை டம்ளர் வீதம், இரண்டும் சேர்ந்து 5 கிராம். காலை இரண்டு இட்லி, ராத்திரி இரண்டு இட்லி, இட்லிக்கு 2 கிராம் என்று வைத்தால் 8. மத்தியானச் சோற்றில் 6. ரசம், காய், மோர், இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற சாம்பார் எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டாலும் இன்னொரு 6. எப்படி இழுத்துப் பிடித்தாலும் 25ஐத் தொடுகிற மாதிரிதான் வந்தது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020ல் வெளியிட்ட கணக்குப்படி, உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். அக்கா 52 கிலோ, ஆகவே 43 கிராம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு 1 கிராமுக்குக் குறையக்கூடாது, 1.2 வரை போகலாம் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வயது ஏற ஏற, அதே புரதத்தைக் கொடுத்தாலும் உடம்பு முன்னே மாதிரி அதைச் சதையாக்குவதில்லையாம். அப்படிப் பார்த்தால் அவளுக்குத் தேவைப்படுவதில் பாதிதான் போய்ச் சேருகிறது.

மாசி மாதம் அவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட டாக்டர் கையைப் பார்த்ததைவிடக் காலைத்தான் அதிக நேரம் பார்த்தார். கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார், துணிப்பையில் கொஞ்சம் மாவு கிடப்பது மாதிரி தொளதொள என்று இருந்தது. நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்திருங்கள் என்றார், எழுந்திருக்க முடியவில்லை. “கை உடைஞ்சதுக்குக் கல்லு காரணமில்லைம்மா, காலு காரணம்” என்றார். கொழுப்பைச் சேர்த்து வைக்க உடம்பில் இடம் இருக்கிறது, புரதத்துக்கு அப்படி ஒரு குதிர் தனியாகக் கிடையாது. சதைதான் குதிர். காய்ச்சல் வந்தால், புண் ஆற வேண்டுமென்றால், சாப்பாட்டில் வராவிட்டால் அங்கேயிருந்துதான் உடம்பு எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கிய வருடமே அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவள் நான். 38 வருடம் ஸ்டாக் ரிஜிஸ்தரும் கிராம் கணக்குமாகவே போயிற்று. பயிற்சி வகுப்பில் சொன்னது பாதி, பிள்ளைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது பாதி.

நான் சேர்ந்த புதிதில் சவலைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அந்தச் சொல் தெரியுமோ என்னவோ. அடுத்த பிள்ளை உண்டாகித் தாய்ப்பால் நின்றுபோய், இளைத்துச் சிணுங்கிக்கொண்டே திரிகிற குழந்தைக்குப் பெயர் சவலை. ஆப்பிரிக்காவில் இப்போது கானா என்கிற நாட்டில் 1930களில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா, கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து வரும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு அந்த ஊர்த் தாய்மார்கள் சொன்ன பெயரையே வைத்தார், குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததுக்கு வருகிற நோய் என்று அர்த்தமாம். வகுப்பில் அதைக் கேட்டதும் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, “இது நம்ம சவலைல்லா” என்றார். எவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊர், அடுப்படியில் இருந்து பார்த்தவர்கள் ஒரே மாதிரிதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நோய் புரதக் குறைவால்தான் வருகிறது என்று பேச்சு வந்ததும் உலகமே புரதம் புரதம் என்று ஓடியது. அப்போது கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர், அந்தக் கூடம்தான் 1958ல் ஐதராபாத்துக்கு மாறிப் பின்னால் தேசிய நிறுவனம் ஆனது. 2019ல் நூறு வயதைத் தாண்டித்தான் காலமானார். ஏழைப் பிள்ளைகள் சாப்பிடுவது சோறும் பருப்பும்தான், அதையே வயிறு நிறையச் சாப்பிட்டால் புரதமும் ஏறக்குறையத் தானாக வந்துவிடும், குறைவது முதலில் சாப்பாட்டின் அளவுதான் என்பது அவர் வாதம். விறகு இல்லாத வீட்டில் நிலைக்கதவை உடைத்து அடுப்பெரிக்கிற கதைதான். வயிற்றுக்கு அரிசி பற்றாவிட்டால், கொடுக்கிற முட்டையையும் உடம்பு எரித்துவிடும், சதைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி என்றுதான் நினைக்கிறேன். இப்போது நிலைமை தலைகீழ். ரேஷன் அரிசி இலவசம், வயிறு நிறைகிறது. பசி இல்லை, அதனால் குறை இருப்பதே தெரியவில்லை. சோறு மலை மாதிரி, பக்கத்தில் குழம்பு குளம் மாதிரி, நடுவில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும். அரசாங்கம் வீடு வீடாகச் செலவுக் கணக்கு எடுத்ததில் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே புரதம் வருகிறது என்று இருக்கிறது. அதைக் காட்டி நாட்டில் குறையே இல்லை என்கிறார்கள் சிலர். சராசரி என்றால் என் அக்கா தட்டையும் அவள் பேரன் தட்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது. வீட்டுக்குள் வந்த பருப்பு யார் தட்டில் போய் விழுந்தது என்று எந்தக் கணக்கெடுப்பாளரும் கரண்டியைப் பிடித்துப் பார்க்கப் போவதில்லை.

கட்டுரையில் ‘தாவரப் புரதம் முழுமையற்றது’ என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்திருந்தது. அதை அப்படியே விட்டால் சைவக்காரர்கள் எல்லோரும் டப்பா வாங்கப் போய்விடுவார்கள். கதம்பம் கட்டுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று முறை வைத்துக் கட்டிக்கொண்டு போவார். மரிக்கொழுந்து தீர்ந்தால், மல்லிகை கூடை நிறையக் கிடந்தாலும் கட்டு அங்கேயே நின்றுவிடும். புரதம் கட்டுவதும் அப்படித்தான். அமினோ அமிலங்கள் என்று இருபது பூ, அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் வந்தே தீர வேண்டும். அரிசியில் லைசின் என்கிற பூ குறைச்சல், பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தின்றால் மாலை முடிந்துவிடும். ஒரே வாயில் சேர்த்து விழுங்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளைக்குள் இரண்டும் போனால் போதும். எங்கள் பக்கத்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உளுந்தில் லைசின், எள்ளில் மெத்தியோனின், நடுவில் அரிசி. எங்கள் ஆச்சிக்கு அமினோ அமிலம் என்றால் என்னவென்று தெரியாது, கறுப்பு உளுந்தைத் தோலோடு போடவில்லை என்றால் மட்டும் சண்டைக்கு வருவாள்.

ஆனால் கலந்தால் போதாது, அளவும் வேண்டும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அக்கா வீட்டில் மத்தியானத்துக்கு மட்டும் அரிசி 400 கிராம், பருப்பு நாள் முழுக்கவே 100. ராத்திரி இட்லி அரிசியையும் சேர்த்தால் விகிதம் எங்கே போகிறது பாருங்கள்.

அப்புறம் முட்டை. 1989ல் சத்துணவில் முதன்முதலாக முட்டை வந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வாரம் ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்று ஆனது. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். வாரத்துக்கு ஒரு முட்டை இருந்த காலத்தில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. முட்டை போடுகிற அன்றைக்கு வெறும் சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவாள், முட்டையைக் காணோம். மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ், ஸ்கேல் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டு, நோட்டுத் தாளில் சுருட்டிய முட்டையை உள்ளே வைத்திருந்தாள். நசுங்காமல் இருக்கச் சுற்றிலும் வேப்பிலை. யாருக்கு என்றால் தாத்தாவுக்கு. தாத்தா படுக்கையில். இங்கேயே சாப்பிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி, விதியைச் சொல்வது என் வேலை. சொன்னேன். அவள் பாதியைக் கடித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் பழைய ஆடிட்காரர்கள் யாராவது படித்துவிடப் போகிறார்கள், விடுங்கள்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். அக்கா பேரன் வாங்கிய பவுடர் ஒரு கிலோ 3,000 ரூபாய். ஒரு கரண்டி 30 கிராம், அதில் 24 கிராம் புரதம் என்று மேலே அச்சடித்திருக்கிறது. ஆக ஒரு வேளைக்கு 90 ரூபாய். அதே 24 கிராமுக்கு நாலு முட்டை போதும், 28 ரூபாய்க்குள் முடிந்தது. மேலே அச்சடித்திருப்பதை நம்பலாமா என்பது வேறு கேள்வி. புரதத்தைச் சோதனைச்சாலையில் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். நைட்ரஜன் உள்ள வேறு எதைக் கலந்தாலும் கணக்கில் புரதம் கூடிவிடும். 2008ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்கிற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனத்தைக் கலந்து குழந்தைகள் செத்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான். எல்லாப் பவுடரும் மோசம் என்று சொல்லவில்லை, விழுங்கக் கஷ்டப்படுகிற நோயாளிக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிடுகிற பையனுக்கு எதற்கு? ஐ.சி.எம்.ஆர். 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் பச்சை முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றிக் குடிப்பதையும் சொல்ல வேண்டும். வீரம் மாதிரி இருக்கிறது, ஆனால் 1998ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரித்தது, பச்சையாகக் குடித்ததில் 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. அதாவது நாலு முட்டை குடித்துக் கிட்டத்தட்ட இரண்டை வீணாக்குகிறார்கள். அக்கா பேரனிடம் சொன்னேன், இப்போது அவித்துச் சாப்பிடுகிறான், வாசனை தாங்கவில்லை என்று மருமகள்தான் என்னைத் திட்டுகிறாள்.

அக்காவுக்கு அவள் மகன் வாங்கிக் கொடுத்த சத்து மாவு டப்பாவையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வேளைக்கு 27 கிராம் மாவு, அதில் புரதம் 3 கிராம், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையும். அவளுக்குச் சர்க்கரை நோய் வேறு. இதைவிட வறுத்த நிலக்கடலையை இடித்து ஒரு கைப்பிடி கொடுத்திருக்கலாம், 100 கிராமில் 25 கிராம் புரதம். கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாங்கள், வெல்லப்பாகு மட்டும் அவளுக்கு வேண்டாம். தூத்துக்குடியில் இருந்து சாளை மீன் மலிவாக வருகிற நாளில் அதை அவித்து உதிர்த்துக் கொடுத்தால் பல்லும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.

ஒன்றை மறக்காமல் போடுங்கள். கிட்னி பழுதானவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகப் பருப்பையும் முட்டையையும் கூட்டக்கூடாது, அவர்களுக்குக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு நேர் எதிர், கூட்டச் சொல்வார்கள். இரண்டையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோ நானோ அல்ல.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுப்பது பெரிய காரியம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசிக்கு வீட்டில் எத்தனை தலை என்று பார்க்கிறீர்கள், பருப்பு மட்டும் கார்டுக்கு ஒரு கிலோ. இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரு கிலோ, ஆறு பேர் வீட்டுக்கும் ஒரு கிலோ. ஆறு பேருக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்தரை கிராம் பருப்பு, ஒரு சின்ன ஸ்பூன் அளவுதான். பருப்பையும் தலைக்கணக்கில் கொடுங்கள். துவரையே வேண்டும் என்றில்லை, எங்கள் கரிசல் காட்டில் விளைகிற உளுந்தையும் பாசிப்பயறையும் இங்கேயே கொள்முதல் செய்து மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வயதானவர்கள் தனியாக இருக்கிற கார்டுகளுக்கு வாரத்துக்கு நாலு முட்டை கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு முட்டை போகிற அதே தெருவில்தான் அவர்களும் குடியிருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த தடவை அந்தப் பட்டியலைப் போடும்போது 100 கிராம் பருப்பு என்று போடாதீர்கள். யாரும் 100 கிராம் பருப்பைப் பச்சையாகத் தின்பதில்லை. ஒரு கரண்டி சாம்பாரில் இவ்வளவு, ஒரு இட்லியில் இவ்வளவு, ஒரு கிண்ணம் சுண்டலில் இவ்வளவு என்று தட்டில் விழுகிறபடி போடுங்கள். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் அந்தப் பையனுக்குப் பதிலாக ஒரு ஆச்சியின் படத்தைப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருத்தி,
கோவில்பட்டி.

பி.கு.: அக்கா இப்போது காலையில் ஒரு முட்டை, மத்தியானம் தனிக் கிண்ணத்தில் கடைந்த பருப்பு, மோருக்குப் பதில் கெட்டித் தயிர், சாயங்காலம் குழைய வேகவைத்த சுண்டல் என்று 48 கிராமுக்கு வந்திருக்கிறாள். முட்டை, சுண்டல், கூடுதல் பருப்பு மூன்றும் சேர்ந்து இருபது ரூபாய்க்குள்தான். வாயுவுக்குப் பெருங்காயமும் பூண்டும் போடுகிறோம், முன்னே சொன்ன அளவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் முட்டையைத் தொட மாட்டேன் என்கிறாள், அன்றைக்கு உளுந்தஞ்சோறு. நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க இன்னும் முடியவில்லை. நேற்று ஒரு கையால் மட்டும் பிடித்து எழுந்தாள்.